தங்கபுஷ்பம் எழுந்தபோது நின்ற பந்து

பந்து முதன்முதலில் நின்றது புதன்கிழமையா வியாழக்கிழமையா என்பதில் மஞ்சணத்திப்பட்டியில் இன்றைக்கும் இரண்டு கட்சி உண்டு. ஆனால் அது நின்றபோது அடுப்பில் பால் பொங்கியது என்பதிலும், மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டும் அணைஞ்சபெருமாளின் மனைவி தங்கபுஷ்பம் உரித்துக்கொண்டிருந்த சின்ன வெங்காயத்தை முறத்தோடு தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள் என்பதிலும், அவள் எழுந்த அதே நொடியில் நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் பொதிகைப் பருந்துகள் அணியின் தொடக்க ஆட்டக்காரர் தூக்கியடித்த பந்து, எல்லைக் கயிற்றுக்குப் பத்தடி இப்பால், சுவரில் அறைந்த ஆணி மாதிரி ஆகாயத்தில் நின்றுவிட்டது என்பதிலும் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

“எவ அங்க எந்திரிச்சது?” என்று டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான் அணைஞ்சபெருமாள்.

“நாந்தான். பால் பொங்குது.”

“பந்து நிக்கி. உக்காரு.”

“பாலு...”

“பால அப்புறம் பாத்துக்கிடலாம். உக்காருன்னா உக்காரு.”

அவள் உட்கார்ந்தாள். பந்து தன் வேலையைப் பார்த்துக்கொண்டு கயிற்றைத் தாண்டி விழுந்தது. கூடத்தில் இருந்த ஒன்பது ஆண்களும் சிக்ஸருக்குக் கைதட்டினார்கள். பால் அடுப்பை அணைத்துவிட்டு மேடையெல்லாம் வழிந்தது.

அந்த ஒன்பது பேரில் ஒருவருக்கும் ஆச்சரியம் ஏற்படவில்லை என்பதை வெளியூர்க்காரர்கள் நம்ப மறுக்கிறார்கள். அவர்கள் அந்த வீட்டில் மேட்ச் பார்த்ததில்லை. அங்கே ஒருவர் காலை மடக்கி உட்கார்ந்திருக்கும்போது பருந்துகளுக்கு நான்கு ரன் கிடைத்தால் அவர் அன்று முழுக்கக் காலை நீட்டக் கூடாது. ஒருவர் தும்மியபோது எதிரணி விக்கெட் விழுந்தால் அவர் மறுபடி தும்ம முயற்சி செய்துகொண்டே இருக்க வேண்டும். ஓய்வுபெற்ற நில அளவையர் கோமதிநாயகம் போன வருடம் கை கழுவக் கொல்லைக்குப் போன நேரத்தில் இரண்டு விக்கெட் விழுந்துவிட்டதால், மீதி ஆட்டம் முழுவதும் அவர் துணி துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து ஸ்கோரைக் கூவிக் கூவிக் கேட்டுத் தெரிந்துகொண்டார். இத்தனை வருடம் இப்படி அசையாமல் கிடந்தவர்களுக்கு, ஒருத்தி அசைந்தால் பந்து நிற்கிறது என்பது அதிசயமாகப் படவில்லை. தாங்கள் சொல்லிவந்த ஒன்றைக் கடைசியில் மைதானத்துக்காரர்களும் ஒப்புக்கொண்டதாகவே பட்டது.

மறுநாள் காலையில் கோமதிநாயகம் டேப்போடு வந்தார். அரசுப் பணியில் முப்பத்தொரு வருடம் அடுத்தவர் நிலத்தை அளந்தவர். தங்கபுஷ்பம் உட்கார்ந்த இடம் ஃபிரிட்ஜுக்கு வடக்கே ஒன்றே முக்கால் அடி, சுவருக்குக் கிழக்கே இரண்டடி ஏழு அங்குலம் என்று அளந்து, நான்கு மூலையிலும் வெள்ளை பெயிண்டால் குறி வைத்துவிட்டுப் போனார். அடுத்த ஆட்டத்தில் சோதனைகள் நடந்தன. அந்தச் சதுரத்தில் அணைஞ்சபெருமாளின் அக்காவை உட்கார வைத்துப் பார்த்தார்கள். பந்து, வீசியவர் கைக்கு நாலடி முன்னால் நின்றபடி நின்றது. தங்கபுஷ்பத்தைச் சோபாவில் உட்கார வைத்துப் பார்த்தார்கள், அப்போதும் நகரவில்லை. அவளைச் சதுரத்தில் உட்கார வைத்ததும் பந்து ஓடியது. ஆக, பருந்துகள் ஆடும் எந்த ஆட்டமும் இனி தங்கபுஷ்பம் அந்த இடத்தில் உட்கார்ந்தால்தான் நடக்கும், அவள் எழுந்தால் பந்து இருந்த இடத்தில் நிற்கும் என்பது ஊருக்கு உறுதியானது.

மைதானத்துக்காரர்களுக்குக் காரணம் தெரியாது. ஆனாலும் அவர்கள் நாலே நாளில் பழகிக்கொண்டார்கள். தொலைக்காட்சியில் நிபுணர்கள் காற்றின் ஈரப்பதத்தைப் பற்றியும் பந்தின் தையலைப் பற்றியும் பேசினார்கள். ஒரு முன்னாள் வீரர், தம் காலத்தில் பந்து இதைவிட அதிக நேரம் நின்றதாகவும் அப்போது கேமரா இல்லாததால் யாரும் கவனிக்கவில்லை என்றும் சொன்னார். பந்து நிற்கும்போது ஓடி எடுத்த ரன் செல்லாது என்று விதி வந்தது. அந்த நேரத்தை விளம்பரத்துக்கு விற்றார்கள். “இந்த நிற்றலை உங்களுக்கு வழங்குவது இடிதாங்கி சிமெண்ட்” என்ற குரல் கேட்டதும் வீடுகளில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்கள், ஒரு வீட்டைத் தவிர.

பேரூராட்சித் தலைவர் பால்துரை அவசரக் கூட்டம் கூட்டினார். ஏழாவது வார்டு சாக்கடை பதினோராவது முறையாகத் தள்ளிவைக்கப்பட்டு, தங்கபுஷ்பம் முதல் பொருளாக எடுத்துக்கொள்ளப்பட்டாள். விஷயத்தை வெளியே சொல்லக் கூடாது என்றும், ஆட்டம் உள்ள நாட்களில் அவள் வீட்டுச் சமையலைத் தெருப் பெண்கள் முறைவைத்துச் செய்ய வேண்டும் என்றும், குடிதண்ணீர் வாசலுக்கே வரும் என்றும், கழிப்பறைக்கு அவள் ஓவருக்கும் ஓவருக்கும் இடையில் மட்டும் போய்வரலாம் என்றும் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. தீர்மானத்தை வீட்டுக்கே வந்து வாசித்துக்காட்டினார் தலைவர்.

“வெளிய தெரிஞ்சா ஒங்களத் தூக்கிட்டுப் போயிருவானுவ, மைனி. பட்டணத்துக்காரன் என்ன வேணும்னாலும் செய்வான்.”

“ஓவருக்கு நடுவுல ஒரு நிமிசந்தான் இருக்கு, அண்ணாச்சி” என்றாள் தங்கபுஷ்பம்.

“அதான் மைனி, ஊரே ஒங்களுக்குக் கடமைப்பட்டிருக்கு” என்று கையெடுத்துக் கும்பிட்டார் அவர்.

இதுவரை நடந்தது சும்மா உட்கார்ந்திருப்பது. அரையிறுதியில்தான் அவளுக்கு வேலை கூடியது. பருந்துகளின் நல்ல ஆட்டக்காரர் ஒருவர் பந்தை நேரே மேலே தூக்கிவிட, கீழே எதிரணிக்காரன் கையை விரித்துக் காத்திருந்தபோது, தங்கபுஷ்பத்துக்குக் கால் மரத்துப்போய் அவள் எழுந்து நின்று உதறினாள். பந்து நின்றது. கீழே இருந்தவனும் நின்றான். அவள் ஐந்து நிமிடம் உதறினாள். அண்ணாந்து பார்த்தபடியே நின்றவனுக்குக் கழுத்துப் பிடித்துக்கொண்டது. அவள் உட்கார்ந்ததும் பந்து விழுந்தது, அவன் பிடிக்கவில்லை.

கோமதிநாயகம் மெதுவாகச் சொன்னார்: “பெருமாளு, இத இத்தன நாள் யோசிக்காம விட்டுட்டமேடா.”

அதிலிருந்து கோமதிநாயகம் கையை உயர்த்தினால் அவள் எழ வேண்டும், தாழ்த்தினால் உட்கார வேண்டும். பருந்துகளுக்கு ஆபத்தான ஒவ்வொரு பந்துக்கும் அவள் எழுந்தாள். எதிரணிக்காரன் களைத்ததும் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தில் தோப்புக்கரணம் போட்ட பிள்ளைகூட அன்றைக்கு அவளைவிடக் குறைவாகத்தான் எழுந்து உட்கார்ந்திருக்கும். பருந்துகள் இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டன. தெருவில் வெடி போட்டார்கள். ஆட்ட நாயகன் விருதை யாரோ வாங்கினார். தங்கபுஷ்பம் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டாள்.

அந்த முழங்கால் அவளுக்கு வேறொரு காரியத்துக்காகத் தேவைப்பட்டது. பதினேழு வயதில் அவள் மாவட்டப் பூப்பந்து அணியில் பின்வரிசையில் ஆடியவள். மஞ்சள் கம்பளிநூல் பந்தை ஒரு வெட்டு வெட்டினால் அது வலைக்கு மேலே போய் வலப்புறம் ஒடியும். அந்த ஒடிவை எடுக்க அந்தக் காலத்தில் மூன்று தாலுகாவில் ஆள் கிடையாது. கல்யாணத்தோடு மட்டை பீரோ மேலே ஏறியது. இருபத்துநாலு வருடம் கழித்து, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் பழைய கூட்டாளி எஸ்தர்கனி ஒருநாள் வந்து, “ஏட்டி, நாப்பது வயசுக்கு மேல உள்ளவளுவளுக்கு மாவட்டப் போட்டி வச்சிருக்கானுவ. அஞ்சு பேரு வேணும். நாலு பேரு ஆயாச்சு” என்றாள். அன்றிலிருந்து தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு அரசுப் பள்ளி மைதானத்தில் ஐந்து பெண்களும் ஆடினார்கள். இரண்டு ஆட்டம் ஜெயித்தார்கள். மூன்றாவது ஆட்டத்தில் ஆத்தங்குளத்துப் பெண்களை ஜெயித்தால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்கு, அதே பள்ளி மைதானத்தில். கம்பளிப் பந்துக்குக் காற்று அடங்க வேண்டும் என்பதால் நேரத்தை மாற்ற முடியாது. மாற்று ஆட்டக்காரி கிடையாது. ஐந்தில் ஒருத்தி குறைந்தால் ஆடாமலே தோல்வி.

பருந்துகளின் இறுதியாட்டமும் அதே ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு.

செவ்வாய்க்கிழமை சோறு போடும்போது கணவனிடம் சொன்னாள்: “ஞாயித்துக்கிழம நாலு மணிக்கு நான் எந்திரிப்பேன்.” அவன், “அதுக்குள்ள ஓப்பனிங் ஜோடி நின்னுட்டா நல்லது” என்றான். வியாழக்கிழமை கோமதிநாயகத்திடம், “பெரியப்பா, நாலு மணிக்கு நான் கிளம்பிருவேன், எனக்கு ஆட்டம் இருக்கு” என்றாள். அவர், “ஆட்டம் இருக்குன்னுதானம்மா நானும் டேப்ப எடுத்துட்டு வந்தேன்” என்று வெள்ளைக் குறிக்குமேல் இன்னொரு பூச்சு கொடுத்தார். சனிக்கிழமை தலைவரிடம் சொன்னாள். “நாலு மணியா? சரி மைனி, நாலு மணிக்கு டீ சொல்லியாச்சு” என்றார் அவர். மூன்று பேரிடமும் சொல்லியாகிவிட்டது என்ற நிம்மதியோடு அவள் வெள்ளைக் கேன்வாஸ் ஷூவைக் கழுவி வெயிலில் காயவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் இருபத்தாறு பேர், வாசலில் அறுபது பேர், சன்னல் கம்பியில் எத்தனை பேர் என்று எண்ணவில்லை. தங்கபுஷ்பம் மூன்றரைக்கு வந்து சதுரத்தில் உட்கார்ந்தாள். சுடிதார் போட்டிருந்தாள், காலில் ஷூ இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை, அவளைப் பார்க்கிற வழக்கம் அங்கே இல்லை. பருந்துகள் அணியினர் பந்து வீசினார்கள். நாலு மணி அடிக்க, எதிரணியின் அதிரடி ஆட்டக்காரன் ஒருவன் பந்தைக் கோபுர உயரத்துக்குத் தூக்கினான். பருந்துகளின் ஆள் அதற்குக் கீழே வந்து கையை விரித்தான். பிடித்தால் கோப்பை பாதி கையில். அந்த நேரத்தில், கோமதிநாயகம் கையைத் தாழ்த்தியபடியே இருக்க, தங்கபுஷ்பம் எழுந்தாள். பீரோ மேலிருந்த மட்டையை எடுத்தாள். காலை ஊன்ற இடம் தேடி, ஆட்களைத் தாண்டித் தாண்டி வாசலுக்குப் போனாள்.

“ஏட்டி, எங்க போற?” இந்த முறை அணைஞ்சபெருமாள் திரும்பிப் பார்த்தான்.

“வெளையாட.”

“மேட்ச் ஓடுதுட்டி!”

“ஓடட்டும்.”

“நீ போனா எங்கட்டி ஓடும்? நிக்கும்லா!”

“அப்பம் நிக்கட்டும்” என்று சொல்லிவிட்டு அவள் செருப்புக் குவியலைக் கடந்து தெருவில் இறங்கினாள்.

பந்து நின்றது. ஐம்பதாயிரம் பேர் அண்ணாந்து பார்த்தார்கள். இடிதாங்கி சிமெண்ட் ஒலித்தது, ஓய்ந்தது, மறுபடி ஒலித்தது. கூடத்தில் சதுரத்தின் மேல் தெருப் பெண்கள் பதினோரு பேரை மாற்றி மாற்றி உட்கார வைத்தார்கள். பிறகு அவளுடைய சேலையைச் சுற்றிய தலையணையை வைத்தார்கள். கடைசியில் கோமதிநாயகமே முறத்தோடு உட்கார்ந்து நாலு வெங்காயம் உரித்துப் பார்த்தார். கண்ணில் நீர் வந்ததுதான் மிச்சம். ஐந்து மணி வாக்கில் ஊர் எழுந்து பள்ளி மைதானத்துக்கு நடந்தது.

அங்கே முதல் கேம் முடியும் தறுவாயில் இருந்தது. முப்பத்தைந்துக்கு இருபத்தெட்டு என்று தங்கபுஷ்பத்தின் அணி தோற்றது. தலைவர் பால்துரை நேரே நடுவரிடம் போனார்.

“சார், கொஞ்சம் சீக்கிரம் முடிக்கணும்.”

“மூணு கேம். ரெண்டு ஜெயிச்சவங்க ஜெயிச்சாங்க” என்றார் நடுவர்.

“அடுத்ததயும் இவங்க தோத்துட்டா?”

“அதோட முடிஞ்சுது.”

தலைவர் திரும்பிவந்து கூட்டத்திடம் இதைச் சொன்னார். கூட்டம் யோசித்தது, அதன் யோசனை எப்போதும் வேகமானது. இரண்டாவது கேம் தொடங்கியதும் மஞ்சணத்திப்பட்டி மக்கள் முந்நூறு பேர் ஆத்தங்குளத்துக்காகக் கைதட்டத் தொடங்கினார்கள். மைதானத்து ஓரம் கிடந்த கல் உருளைக்குப் பக்கத்தில் மணலில் குந்தியிருந்த அணைஞ்சபெருமாளும் தட்டினான். ஆத்தங்குளத்துப் பெண்களுக்கு வெட்கமாகிவிட்டது. அவர்களுடைய தலைவி, “எங்க ஊர்ல இருந்து ஒருத்தரும் வரலன்னு கவலப்பட்டோம். இத்தன பேரு இருக்கீங்க” என்றாள்.

“அண்ணாச்சி, சோறு ஒங்க வீட்ல யாரு பொங்குதா?” என்று எஸ்தர்கனி அணைஞ்சபெருமாளைப் பார்த்துக் கேட்டாள். “ஆத்தங்குளத்துக்காரியா?”

அவன் கைதட்டுவதை நிறுத்தவில்லை. ஆனால் சத்தம் வராமல் தட்டினான்.

தங்கபுஷ்பம் பின்வரிசையில் நின்று ஒரு வெட்டு வெட்டினாள். பந்து வலைக்கு மேலே போய் வலப்புறம் ஒடிந்து, எடுக்க ஓடிவந்தவளின் மட்டைக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. கூட்டத்தில் யாரோ, தன்னை மறந்து, “அடேயப்பா” என்றார். இன்னொரு வெட்டு. இன்னொன்று. “இது எப்படி ஒடியுதுன்னு பாத்தியாடா?” என்று ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டான். வலைக்கம்பத்தின் மேல் கையை வைத்தபடி நின்ற கோமதிநாயகம், தான் கையை வைத்ததிலிருந்து தங்கபுஷ்பத்தின் அணிக்கு ஐந்து புள்ளி தொடர்ந்து வந்திருப்பதைக் கவனித்தார். பிறகு அவர் கையை எடுக்கவில்லை. எறும்பு ஏறியது, எடுக்கவில்லை. முப்பத்தைந்துக்கு முப்பத்திமூன்று என்று அந்தக் கேம் தங்கபுஷ்பத்தின் அணிக்கு வந்தபோது அவர் வாயிலிருந்து அந்தச் சொல் தானாக வந்தது:

“யாரும் அசையப்பிடாது!”

மூன்றாவது கேமை முந்நூறு பேரும் சிலைபோல நின்று பார்த்தார்கள். பாதி கொட்டாவியில் இருந்தவர் வாயை மூடவில்லை. தலைவர் ஒரு காலில் செருப்போடும் ஒரு காலில் செருப்பில்லாமலும் நின்றார். நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் ஆகாயத்தில் ஒரு பந்து நிற்கிறது என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை. புள்ளிகள் பத்துக்குப் பத்து, இருபதுக்கு இருபத்தொன்று, முப்பத்துநாலுக்கு முப்பத்துநாலு என்று வந்து நின்றன. கடைசிப் புள்ளி. தங்கபுஷ்பம் மூலையிலிருந்து ஓடிவந்து, தைலம் தேய்த்த முழங்காலை மண்ணில் ஊன்றி, தரைக்கு ஒரு விரற்கடை மேலே வந்த பந்தைத் தோண்டி எடுத்து மேலே அனுப்பினாள்.

அணைஞ்சபெருமாள் எழுந்துவிட்டான்.

மஞ்சள் பந்து வலைக்கு நேர் மேலே, இந்தப் பக்கமும் இல்லாமல் அந்தப் பக்கமும் இல்லாமல், நின்றது.

ஒருவரும் பந்தைப் பார்க்கவில்லை. முந்நூறு தலைகளும், எழுந்தது யார் என்று திரும்பின. ஆத்தங்குளத்துப் பெண்களும் திரும்பினார்கள். நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் காத்திருந்தார்.

“எந்திரிச்சது எவன்டா?” என்றார் கோமதிநாயகம், கம்பத்திலிருந்து கையை எடுக்காமல்.

“நான்... சும்மா... சந்தோசத்துல...”

“பந்து நிக்கி. உக்காருடா.”

அவன் உட்கார்ந்தான். பந்து ஒரு கணம் யோசித்துவிட்டு அந்தப் பக்கம் சாய்ந்து, அவள் எடுப்பாள் என்று இவளும் இவள் எடுப்பாள் என்று அவளும் நினைத்த இரண்டு பெண்களுக்கு நடுவே மண்ணில் விழுந்தது.

தங்கபுஷ்பம் வீட்டுக்கு வர ஆறரை ஆகிவிட்டது. டீ போட்டுக் குடித்தாள். வெங்காயம் உரிக்க வேண்டியிருந்ததால் முறத்தை எடுத்துக்கொண்டு வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். நானூறு கிலோமீட்டருக்கு அப்பால், அதுவரை நின்ற பந்து விழுந்தது. பிடிக்க வேண்டியவன் டீ குடிக்கப் போயிருந்தான். அப்படிப் பிழைத்த அதிரடிக்காரன் பருந்துகளை அடித்து நொறுக்கிக் கோப்பையைக் கொண்டுபோனான். மஞ்சணத்திப்பட்டியில் அதைப் பற்றி யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. அன்றைய வெற்றிக்குக் காரணம் கோமதிநாயகம் கை வைத்த கம்பமா தலைவரின் ஒற்றைச் செருப்பா என்ற விவாதத்தில் ஊர் மும்முரமாக இருந்தது.

திங்கட்கிழமை காலைப் பயிற்சியில் விவாதம் முடிந்தது. எஸ்தர்கனி போட்ட முதல் பந்து மட்டையை விட்டு நாலடி போய் நின்றுவிட்டது. அணைஞ்சபெருமாளை எழுப்பிக் கூட்டிவந்து உருளைக்குப் பக்கத்தில் உட்கார வைத்த பிறகுதான் ஓடியது. கோமதிநாயகம் டேப்பை எடுத்துவந்து, உருளைக்குக் கிழக்கே மூன்றடி நாலு அங்குலம் என்று அளந்து, சுண்ணாம்பால் சதுரம் போட்டார். பருந்துகளின் அடுத்த பருவம் தொடங்கப் பத்து மாதம் இருந்தது. மாநிலப் போட்டிக்கு மூன்று வாரம்தான். பேரூராட்சியில் அவசரக் கூட்டம் கூடியது. ஏழாவது வார்டு சாக்கடை பன்னிரண்டாவது முறையாகத் தள்ளிவைக்கப்பட்டது.

மாநிலப் போட்டி நடந்த ஊருக்கு உருளையையும் ஒரு மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். முதல் கேம் பாதியில், வெயிலில், சதுரத்துக்குள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்த அணைஞ்சபெருமாள் நெளிந்தான். கொஞ்ச நேரம் பொறுத்தான். பிறகு மெதுவாகக் கூப்பிட்டான்.

“புஷ்பம், ஒரு நிமிசம் போயிட்டு வந்திரட்டா? அவசரம்.”

தங்கபுஷ்பம் பந்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இதுல ஓவர்லாம் கிடையாது” என்றாள். “கேம் முடியட்டும்.”